பாரம்பரியத் தச்சுப் பட்டறை எப்படி உருவாயிற்று, எதனால் நிலைத்தது?

ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்து என்ற நாக்கை மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி மரத்தை மரத்தோடு பிணைக்கும் பாரம்பரியத் தச்சுப் பட்டறைகளின் வரலாறு எங்கே தொடங்குகிறது, எந்திரங்களும் ஆலைகளும் வந்த பிறகு அவை எப்படித் தப்பிப் பிழைத்தன, மின்எந்திரங்களை வைத்திருக்கும் ஒரு பட்டறையை இன்று பாரம்பரியப் பட்டறை என்று அழைப்பது சரியாகுமா என்று மூன்று கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. மூன்றுக்குமான விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வெட்டி அறுத்த பின்னும் மரம் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுக்கு இடம் கொடுத்து, பிற்காலத்தில் பிரித்துப் பழுதுபார்க்கவும் வழி வைத்து மரத்தை இணைக்கும் அறிவே பட்டறையின் உயிர். அந்த அறிவு கைமாறிய இடங்களில் கருவிகள் மாறியும் பட்டறை பிழைத்தது. கைமாறாத இடங்களில் நல்ல கருவிகள் இருந்தும் பட்டறை மூடப்பட்டது.

மரத்தின் அசைவைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது புரியாவிட்டால் மூட்டுகள் வெறும் அலங்காரமாகத் தோன்றிவிடும். பச்சை ஓக் மரத்தை அறுத்து முற்றிலும் உலர்த்தினால், நீளவாக்கில் அது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்குகிறது. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு சுருங்குகிறது. ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையிலோ அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குகிறது. உலர்ந்த பிறகும் காற்றின் ஈரம் ஏறும்போது மரம் அகலத்தில் விரியும், ஈரம் இறங்கும்போது சுருங்கும். ஆகவே அகலமான பலகை ஒன்றை நான்கு பக்கமும் ஆணி அடித்து இறுக்கிவிட்டால், அடுத்த வறண்ட பருவத்திலேயே அது வெடிக்கும். பலகை வலுவற்றது என்பதால் வெடிப்பதில்லை. அசைய இடமில்லாததால் வெடிக்கிறது. இதற்குத் தச்சர்கள் கண்ட தீர்வு, நான்கு சட்டங்களைக் கழுந்து மூட்டால் இணைத்து, சட்டங்களின் உட்புறத்தில் காடி என்ற நீண்ட பள்ளம் எடுத்து, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் பசையில்லாமல் மிதக்க விடுவது. நீளவாக்கில் அசையாத சட்டங்கள் கதவின் அளவைக் காக்கின்றன. அகலவாக்கில் அசையும் பலகை காடிக்குள் தன் போக்கில் விரிந்து சுருங்குகிறது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் இந்த முறை பரவியபோது கதவு, பெட்டி, சுவர்ப்பலகை அனைத்தும் எடை குறைந்தன, வெடிப்பும் குறைந்தது. மரவேலையின் வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே என்று தயங்காமல் சொல்வேன்.

மூட்டின் வயது இதைவிட மிகப் பெரியது. ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சுற்றிய பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட நான்கு புதிய கற்காலக் கிணறுகளில் ஓக் பலகைகளாலான உட்சுவர்கள் கிடைத்தன. அந்த மரங்கள் கி.மு. 5206க்கும் 5098க்கும் இடையில் வெட்டப்பட்டவை என்று ஆண்டு வளையக் கணக்கீடு காட்டுகிறது. உலோகமே அறியாத அந்த உழவர்கள் கல்லாலான வாய்ச்சி என்ற செதுக்கு கருவியும் எலும்பு உளியும் கொண்டு மூலை மூட்டுகளை வெட்டியிருக்கிறார்கள். துளையில் கழுந்தைச் செருகி, மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஆப்பு வைத்து இறுக்கும் முறையும் அவர்களிடம் இருந்தது. கருவியின் கூர்மையைவிட மரத்தைப் பற்றிய புரிதல் முந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

எகிப்தில் 1954இல் கீசாவின் பெரிய பிரமிடின் அருகே பிரித்து அடுக்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்ட குஃபு மன்னரின் படகு 1,224 துண்டுகளாக இருந்தது. பெரும்பாலும் லெபனான் தேவதாரு மரத்தால் ஆன அந்தப் படகு, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரும்பு ஆணியும் இல்லாமல் கழுந்துகளாலும் கயிற்றுத் தையலாலும் பிணைக்கப்பட்டது. அதனால்தான் அதைப் பிரித்துப் புதைக்கவும் முடிந்தது, மீண்டும் எடுத்துப் பூட்டவும் முடிந்தது. பட்டறை எப்படி இருந்தது என்பதையும் எகிப்தியர்கள் வரைந்து வைத்தார்கள். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், தச்சர்கள் வில்லால் துளைக்கருவியைச் சுழற்றுகிறார்கள், வாய்ச்சியால் செதுக்குகிறார்கள், தூணில் கட்டி நிறுத்திய மரத்தை ரம்பத்தால் அறுக்கிறார்கள், நெருப்பின் மேல் பசைச்சட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் இழைப்புளி மட்டும் இல்லை. உளியை ஒரு கட்டைக்குள் பொருத்தி, சீவலின் கனத்தைக் கட்டுப்படுத்தும் அந்தக் கருவி உரோமர் காலத்தில்தான் தெளிவாகத் தென்படுகிறது, கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. இழைப்புளி வந்த பிறகு பட்டறையின் கருவிகளில் அடிப்படையான மாற்றம் ஒன்றும் நெடுங்காலம் நிகழவில்லை. உரோமத் தச்சர் ஒருவர் 1700ஆம் ஆண்டின் பட்டறைக்குள் நுழைந்திருந்தால், பெரும்பாலான கருவிகளை எடுத்த எடுப்பில் வேலைக்குப் பயன்படுத்தியிருப்பார்.

கிழக்கு ஆசியாவில் வரலாறு வேறு வழியில் சென்றது. அங்கே பட்டறையின் தொடர்ச்சியைக் காத்தவை கோயில்களும் அரசும். ஜப்பானின் நாரா பகுதியில் உள்ள ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் 594இல் வெட்டப்பட்டது என்று வளையக் கணக்கீடு சொல்கிறது. அந்தத் தூண் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அது அப்படி நிற்பதற்கு அந்தச் சைப்ரஸ் மரத்தின் தரம் மட்டும் காரணம் ஆகாது. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு கட்டடத்தைப் பிரித்து, மக்கிய பகுதியை வெட்டி எடுத்து, நல்ல மரத்தை ஒட்டுவைத்து, மீண்டும் பூட்டிய தச்சர் மரபே முதற்காரணம். இசே கோயிலில் இந்தத் தொடர்ச்சி விதியாகவே இருக்கிறது: 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுவார்கள். இடையில் உள்நாட்டுப் போர்களால் நெடுங்காலத் தடை ஏற்பட்டபோதும் மரபு அறுந்துபோகவில்லை. 62ஆவது மறுகட்டுமானம் 2013இல் நிறைவேறியது. 20 ஆண்டு என்ற இடைவெளி தச்சருக்கு மிகப் பொருத்தமானது. இளைஞராகக் கற்றுக்கொண்டவர் அடுத்த முறை பொறுப்பேற்றுச் செய்வார், அதற்கடுத்த முறை மேற்பார்வை பார்ப்பார்.

தனியொரு நிறுவனத்தின் வரலாறாகப் பார்த்தால் கோங்கோ குமியை விட்டுவிட முடியாது. சித்தென்னோஜி கோயிலைக் கட்டுவதற்காகக் கொரியாவின் பெக்சே நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தச்சரால் 578இல் தொடங்கப்பட்டதாகத் தன் வரலாற்றைச் சொல்லும் அந்தக் குடும்ப நிறுவனம், பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் கோயில் கட்டுமானத்தில் நிலைத்திருந்தது. வாரிசு தகுதியற்றவராக இருந்தால் மூத்த மகன் என்பதற்காக மட்டும் பொறுப்பைத் தராமல், தேவைப்பட்டால் மருமகனைத் தத்தெடுத்துக் குடும்பப் பெயரைத் தந்து தலைமையேற்கச் செய்த வழக்கம் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதே நிறுவனம் 1980களின் நிலவிலை ஏற்றத்தின்போது நில முதலீட்டில் இறங்கிக் கடனில் சிக்கி, 2006இல் தகமட்சு என்ற பெரிய கட்டுமான நிறுவனத்தின் துணை நிறுவனமாக மாறியது. போர்களும் தீவிபத்துகளும் அசைக்காத ஒன்றைக் கடன் அசைத்துவிட்டது. ஆனால் அதன் தச்சர் குழுக்கள் கலைக்கப்படவில்லை, கோயில் வேலை தொடர்கிறது. நிறுவனம் கைமாறினாலும் வேலை அறிந்த கைகள் கலையாமல் இருந்தால் பட்டறை பிழைக்கும் என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது.

சீனாவில் இதே அறிவு அரசுச் சட்டமாக எழுதப்பட்டது. சோங் அரசின் கட்டட அதிகாரி லீ ஜியே தொகுத்து 1103இல் அச்சான 'யிங்ஸாவ் ஃபாஷி' என்ற நூல், உத்தரத்தின் குறுக்களவை எட்டுத் தரங்களாகப் பிரித்து, ஒரு கட்டடத்துக்கு எந்தத் தரம் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற உறுப்புகளின் அளவெல்லாம் அதிலிருந்து பெறப்படும்படி வகுத்தது. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த பகுதி கூலிக் கணக்கு. பகல் நீண்ட மாதங்களில் ஒருவர் ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலை ஓர் அளவு, பகல் குறுகிய மாதங்களில் அதைவிடக் குறைவு என்று அது பத்தில் ஒரு பங்கு ஏற்றியும் இறக்கியும் கணக்கிடுகிறது. கணக்குத் தப்பாமல் இருக்கவும் கருவூலப் பணம் களவு போகாமல் இருக்கவும் எழுதப்பட்ட நூல்தான் அது. ஆனால் வேலை செய்பவரின் உடலையும் வெளிச்சத்தையும் அறிந்தவர்களின் துணையில்லாமல் அதை எழுதியிருக்க முடியாது.

ஐரோப்பாவில் பட்டறையின் வடிவத்தைத் தீர்மானித்தவை தொழிற்சங்கங்கள், அதாவது நகர நிர்வாகம் ஏற்பளித்த கைவினைஞர் கூட்டமைப்புகள். கூரைச் சட்டங்களையும் தளங்களையும் அமைக்கும் கட்டடத் தச்சர்களும், கதவு, சன்னல், பெட்டி, சுவர்ப்பலகை ஆகியவற்றைச் செய்யும் மூட்டுத் தச்சர்களும் அங்கே தனித்தனித் தொழில்களாகப் பிரிந்தார்கள். இலண்டனில் கட்டடத் தச்சர் சங்கம் 1477இலும் மூட்டுத் தச்சர் சங்கம் 1571இலும் அரசு சாசனம் பெற்றன. இரண்டுக்கும் இடையில் எந்த வேலை யாருக்கு என்ற தகராறு தீராமல் நீடித்து, 1632இல் நகர மன்றத்தின் முன் வந்தது. கழுந்தும் துளையும் வெட்டியோ, புறாவின் வால்போல் விரிந்த பற்கள் கொண்ட புறாவால் மூட்டு எடுத்தோ, முளை அடித்தோ, பசை வைத்தோ சேர்க்கும் பொருட்கள் மூட்டுத் தச்சருக்கு உரியவை என்றும், ஆணி அடித்துச் சேர்க்கும் எளிய வேலைகள் கட்டடத் தச்சருக்கு உரியவை என்றும் பொதுவாகத் தீர்ப்பாயிற்று. ஒரு தொழிலின் எல்லையை மூட்டின் வகையைக் கொண்டே வரைந்தது அந்தத் தீர்ப்பு. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு ஆண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பிரிவு 1814இல்தான் நீக்கப்பட்டது. பிரான்சில் 1791இல் புரட்சி அரசு சங்கங்களை ஒழித்தபோதும், ஊர் ஊராகச் சென்று வெவ்வேறு தலைமைத் தச்சர்களிடம் வேலை கற்கும் கம்பான்யோன் என்ற தோழமை அமைப்பு மறைவாகத் தொடர்ந்து இன்றுவரை இயங்குகிறது. சங்கங்கள் புதியவர்களை உள்ளே விடாமல் விலையை உயர்த்தி வைத்தன என்ற குற்றச்சாட்டு உண்மையே. ஆயினும் ஏழு ஆண்டு ஒருவரை ஒரே பட்டறையில் இருத்தி வைத்த முறை ஒழிந்தபின், அதற்கு ஈடான பயிற்சி எளிதில் அமையவில்லை.

அந்த ஏழு ஆண்டுகளில் என்ன கற்றார்கள் என்பதை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்க விரும்புகிறேன். முதலாவது, அளவுப் பலகை. ஒரு சன்னலோ கதவோ செய்யத் தொடங்குமுன், பட்டறையின் தலைமைத் தச்சர் மெல்லிய நீண்ட பலகை ஒன்றில் அதன் குறுக்குவெட்டையும் நெடுக்குவெட்டையும் முழு அளவில் வரைவார். சட்டத்தின் கனம், காடியின் ஆழம், கழுந்தின் தோள், அதாவது அதன் அடியில் மற்றச் சட்டத்தோடு முட்டி நிற்கும் படி, வரும் இடம், கண்ணாடி உட்காரும் படி என அனைத்தும் அதில் இருக்கும். பிறகு மரத்துண்டுகளை அந்தப் பலகையின் மேல் வைத்து அடையாளங்களை நேராக ஏற்றுவார்கள். அளவுகோலை எடுத்து எண்ணைப் படிக்க வேண்டிய தேவையே எழாது. எண்ணைப் படிக்காததால் படிப்பதில் வரும் பிழையும் வராது. ஐம்பது சன்னல் செய்தாலும் ஐம்பதும் ஒரே அளவில் வரும். வேலை முடிந்ததும் பலகையில் வாடிக்கையாளரின் பெயரையோ கட்டடத்தின் பெயரையோ எழுதி மாட்டி வைப்பார்கள். பழைய பட்டறை ஒன்றின் உண்மையான ஆவணக் காப்பகம் இந்தப் பலகைகள்தாம். கணக்குப் புத்தகம் என்ன விற்றார்கள் என்று மட்டுமே சொல்லும். எப்படிச் செய்தார்கள் என்பதை அளவுப் பலகை சொல்லும். பட்டறைகள் மூடப்பட்டபோது இவற்றைப் பயனற்ற பலகை என்று எண்ணி அடுப்பில் வைத்தவர்கள் பலர். அந்த இழப்பை எதனாலும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவது, இழுத்துப் பிடிக்கும் முளை. கழுந்தைத் துளையில் செருகியபின் இரண்டையும் ஊடுருவி ஒரு துளையிட்டு மரமுளை அடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தேர்ந்த தச்சர் அப்படி நேராகத் துளையிடமாட்டார். முதலில் துளையுள்ள சட்டத்தில் மட்டும் முளைக்கான ஓட்டையைப் போடுவார். கழுந்தைச் செருகி, துரப்பணக் கருவியின் முனையால் அதன் மேல் அடையாளமிட்டு, வெளியே எடுத்து, அடையாளத்திலிருந்து ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை தோளை நோக்கித் தள்ளிக் கழுந்தில் ஓட்டை போடுவார். மறுபடி செருகும்போது இரண்டு ஓட்டைகளும் நேர்கோட்டில் இருக்காது. முனை கூராக்கிய, நார் நேராக ஓடும்படி கோடரியால் பிளந்தெடுத்த முளையை அடிக்கும்போது அது சற்றே வளைந்து நுழைந்து, கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைச் சட்டத்தோடு அப்படியே ஒட்டவைக்கும். வளைந்த முளை தன் விறைப்பை நெடுங்காலம் இழப்பதில்லை. மரம் சுருங்கினாலும் மூட்டு தளர்வதில்லை. பசை தேவையில்லை, இறுக்கிப் பிடிக்கும் கருவியும் தேவையில்லை. எவ்வளவு தள்ளுவது என்பது மரத்துக்கு மரம், கழுந்தின் கனத்துக்குக் கனம் மாறும். அதிகம் தள்ளினால் கழுந்தின் முனை பிய்ந்துவிடும், குறைத்தால் பிடிக்காது. இந்த நிதானத்தை நூலில் எழுதலாம், ஆனால் பத்துப் பன்னிரண்டு கழுந்துகளைப் பாழாக்காமல் அது கைக்கு வராது.

எழுதவும் செய்தார்கள். இலண்டனில் ஜோசப் மாக்சன் 1678 தொடங்கி மாதந்தோறும் சிறு வெளியீடுகளாகக் கைத்தொழில்களை விளக்கியபோது மூட்டுத் தச்சும் அதில் இடம்பெற்றது. பிரான்சில் ஆந்திரே ழாக்கோப் ரூபோ 1769 முதல் 1770களின் நடுப்பகுதி வரை வெளியிட்ட பெருநூல் அதைவிடப் பன்மடங்கு விரிவானது. ரூபோ தாமே பட்டறையில் வளர்ந்த தச்சர். பகலில் வேலை செய்தவர், நூலின் நூற்றுக்கணக்கான படங்களைத் தாமே வரைந்தவர். தொழிலை வெளியிலிருந்து பார்த்து எழுதியவர்களின் நூல்களில் காணப்படாத ஒன்று அவர் படங்களில் இருக்கிறது: வேலைமேசையின் எந்த ஓட்டையில் எந்தக் கொக்கி வர வேண்டும் என்பது வரை அவை பிழையின்றி இருக்கின்றன. இன்று மறுபடியும் கைக்கருவிகளால் வேலை செய்யத் தொடங்கிய பலர் அவருடைய வேலைமேசையையே பார்த்துச் செய்துகொள்கிறார்கள்.

பட்டறையின் வேலையை நகரச் சட்டங்களும் வடிவமைத்தன. மேலும் கீழும் நகரும் கண்ணாடிச் சன்னல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. சுவரின் முகப்போடு ஒட்டி மரச்சட்டம் இருந்தால் தீ எளிதில் பரவும் என்று 1709ஆம் ஆண்டு இலண்டன் சட்டம் சன்னலை நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் சன்னலை ஏற்றி இறக்க உதவும் எடைக்கல் தொங்கும் பெட்டியைச் சுவருக்குப் பின்னால் மறைக்கச் சொன்னது. அந்த நகரின் பழைய சன்னல் ஒன்றைப் பார்த்த உடனேயே அதன் காலத்தைத் தோராயமாகச் சொல்ல முடிவது இதனால்தான். பெட்டி வெளியே தெரிகிறதா, மறைந்திருக்கிறதா, கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சட்டம் தடிமனாக இருக்கிறதா, ஒல்லியாக இருக்கிறதா என்பவையே சான்றுகள்.

இனி எந்திரங்கள். ஆங்கிலேயப் பொறியாளர் சாமுவேல் பெந்தம் 1791இலும் 1793இலும் பெற்ற காப்புரிமைகள் இழைத்தல், துளையிடுதல், காடி எடுத்தல் என மரவேலையின் பெரும்பாலான செயல்களை எந்திரத்தால் செய்யும் வழிகளை விவரித்தன. அவர் பொறுப்பில் இருந்த போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில், மார்க் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்த எந்திரங்கள் கப்பல் பாய்மரக் கயிறுகளுக்கான மரக் கப்பிகளைச் செய்யத் தொடங்கின. 110 பேர் செய்த வேலையை அங்கே 10 பேர் செய்தார்கள். 1808இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் வெளிவந்தன. ஒரே பொருளை இலட்சக்கணக்கில் செய்ய வேண்டிய கப்பற்படைக்கு அது பொருந்தியது. கட்டடத்துக்குக் கட்டடம் அளவு மாறும் சன்னல் வேலைக்கு அதே வேகத்தில் எந்திரம் வரவில்லை.

எந்திரம் முதலில் ஒழித்தது தச்சரை அன்று, அறுப்பவரை. ஒருவர் குழிக்குள்ளும் ஒருவர் மேலேயும் நின்று நீண்ட ரம்பத்தால் மரத்தைப் பலகையாக அறுத்த அறுப்புக் குழிகள், நீராவி வட்டரம்பங்கள் வந்தபின் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன. அடுத்து, முரட்டுப் பலகையைத் தட்டையாக்கும் இழைப்பு வேலை போயிற்று. பிறகு துளையிடும் எந்திரமும் கழுந்து வெட்டும் எந்திரமும் வந்தன. உடலை முறிக்கும் வேலைகள் இவை, இவற்றுக்காக எவரும் வருந்தத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். குழிக்குள் நின்றவர் நாள் முழுதும் கண்ணிலும் மூச்சிலும் மரத்தூளோடு உழைத்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டறையில் எந்திரக்கூடம் ஒருபுறமும் வேலைமேசைகள் மறுபுறமும் இருந்தன. மரம் எந்திரக்கூடத்திலிருந்து மேசைக்கு வந்தது, மேசையில் தச்சர் அதைப் பூட்டினார். அளவுப் பலகை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது.

உண்மையான சேதம் வேறு இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, குறித்த சில அளவுகளில் மட்டும் கதவையும் சன்னலையும் செய்து விற்கும் ஆலைகள். கட்டடத்தின் அளவுக்கேற்பச் சன்னல் என்ற நிலை மாறி, கிடைக்கும் சன்னலுக்கேற்பக் கட்டடம் என்றானபோது, அளவெடுத்துச் செய்யும் பட்டறைக்கு வேலை குறைந்தது. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டின் செயற்கைப் பசைகள். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம் மிக வலுவானது. ஆனால் சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். குறை என்று கருதப்பட்ட அந்த இயல்புதான் பழைய நாற்காலியின் காலைக் கழற்றி, புதுக்கழுந்து வைத்து, மீண்டும் ஒட்ட வழிசெய்தது. செயற்கைப் பசைகளில் பல இறுகினால் இறுகியதுதான். மூட்டின் நேர்த்தியில் இருக்க வேண்டிய பிடிப்பைப் பசையிடம் ஒப்படைத்துவிட்டதால், தளர்ந்த மூட்டையும் பசையால் நிரப்பி விற்க முடிந்தது. அப்படிச் செய்த சன்னலில் பசை விட்டுவிட்டால் பழுதுபார்க்க அங்கே மூட்டு என்று ஒன்று இருக்காது. பழைய சன்னலின் கீழ்ச்சட்டம் மக்கினாலோ, முளைகளைத் தட்டி எடுத்து, சட்டத்தைக் கழற்றி, மக்கிய பகுதியை மட்டும் சாய்வாக வெட்டிப் புது மரம் ஒட்டுவைத்து, திரும்பப் பூட்டலாம். இருநூறு ஆண்டுப் பழைய சன்னல்கள் இன்றும் பயன்பாட்டில் இருப்பது இதனால்தான். நெருக்கமான வளையங்கள் கொண்ட, மெதுவாக வளர்ந்த மரம் அவற்றுக்குக் கிடைத்ததும் ஒரு காரணம்.

பட்டறைகளைக் காப்பாற்றியது பழைய கட்டடங்களைப் பற்றி மாறிய மனநிலை. 19ஆம் நூற்றாண்டில் பழைய தேவாலயங்களை இடித்தும் செதுக்கியும் 'மூல வடிவத்துக்கு' மீட்கிறோம் என்று புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து 1877இல் இங்கிலாந்தில் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், மாற்றியமைக்காதீர்கள், பழுதுபாருங்கள் என்று வலியுறுத்தியது. பழுதுபார்க்க வேண்டுமானால் பழைய மூட்டைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆலைக் கதவு குவிந்துகிடந்த காலத்திலும் சில பட்டறைகளுக்கு வேலை கொடுத்தது இந்தத் தேவைதான். ஜப்பானில் நிஷியோகா சுனேகாசு என்ற கோயில் தச்சர் இதை இன்னொரு படி முன்னே கொண்டு சென்றார். ஹோர்யூஜி கோயிலின் பெரும் பழுதுபார்ப்பில் வேலை செய்த அவர், பழைய தூண்களின் மேற்பரப்பில் இருந்த வெட்டுத் தடங்கள் இழைப்புளியால் வந்தவை அல்ல என்பதைக் கவனித்து, வழக்கொழிந்துபோன ஈட்டி வடிவச் சீவு கருவியை மறுபடியும் அடித்து உருவாக்கச் செய்து, யாகுஷிஜி கோயிலின் மறுகட்டுமானத்தில் பயன்படுத்தினார். அந்தக் கோயிலின் மேற்குக் கோபுரம் 1981இல் எழுந்தது. ஒரு தடத்திலிருந்து ஒரு கருவியையும், கருவியிலிருந்து ஓர் உடல் அசைவையும் அவர் மீட்டெடுத்தார். மரக் கட்டடக் கலையைக் காக்கும் ஜப்பானியத் திறன்கள் 2020இலும், மரச்சட்டங்களை முழு அளவில் தரையில் வரைந்து பொருத்தும் பிரெஞ்சு மரபு 2009இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன.

அந்தப் பிரெஞ்சு மரபின் பெரும் சோதனை பட்டியலில் சேர்ந்த பத்து ஆண்டுகளில் வந்தது. 2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் பேராலயக் கூரை எரிந்தபோது, 13ஆம் நூற்றாண்டின் ஓக் சட்டங்கள் சாம்பலாயின. அவற்றை அப்படியே மறுபடியும் செய்ய முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. எஃகுக் கூரையும் கண்ணாடிக் கூரையும் முன்மொழியப்பட்டன. 2020 செப்டம்பரில் தன்னார்வத் தச்சர் குழு ஒன்று, கூரையின் ஒரு சட்ட அமைப்பைக் கோடரியால் செதுக்கிய பச்சை ஓக்கில் செய்து, பேராலயத்தின் முன்றிலிலேயே கயிறு கொண்டு தூக்கி நிறுத்திக் காட்டியது. தீவிபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே இரண்டு கட்டடக் கலைஞர்கள் அந்தக் கூரையைச் சட்டம் சட்டமாக அளந்து வரைந்து வைத்திருந்ததால், எந்தச் சட்டம் எங்கே எந்த மூட்டில் சேர்ந்தது என்ற விவரம் கைவசம் இருந்தது. கூரைக்கும் கூர்முடிக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது.

மூன்றாவது கேள்விக்கான என் விடை இந்த வேலையிலிருந்தே கிடைக்கிறது. நடுக்கூடத்தின் சட்டங்களைக் கோடரியால் செதுக்கியதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டும் அன்று. கோடரியால் செதுக்குபவர் மரத்தின் நாரை ஒட்டியே செல்கிறார். மரம் சற்று வளைந்தால் சட்டமும் வளைகிறது, நார் அறுபடாததால் வலு குறைவதில்லை. வட்டரம்பம் நேர்கோட்டில் அறுத்து வளைந்த நாரை இடையில் வெட்டிவிடும். ஆகவே அங்கே கோடரி சரியான கருவி. ஒரு சன்னலின் நேரான சட்டங்களை எந்திரத்தில் இழைத்தால் அதன் ஆயுளோ பழுதுபார்க்கும் தன்மையோ குறையாது. எனவே அங்கே எந்திரம் பிழையில்லை. பட்டறைக்குள் மின்எந்திரம் இருப்பதைப் பார்த்து அதன் பாரம்பரியத்தை ஐயுற வேண்டியதில்லை. கைக்கருவிகளைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைப் பார்த்து நம்பிவிடவும் கூடாது.

நான் கேட்பவை வேறு. நடுப்பலகையைக் காடியில் மிதக்க விடுகிறார்களா, பசையால் அடைக்கிறார்களா? மக்கிய சன்னல் ஒன்றைக் கொண்டுபோனால், மக்கிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுவைக்கிறார்களா, முழுவதையும் தூக்கி எறிந்து புதியது செய்யச் சொல்கிறார்களா? ஒட்டுவைக்கும் மரத்தின் வளைய நெருக்கத்தையும் நார் ஓட்டத்தையும் பழையதோடு ஒப்பிட்டுத் தேர்கிறார்களா? இதுவரை செய்த வேலைகளின் அளவுப் பலகைகளையோ வரைபடங்களையோ வைத்திருக்கிறார்களா? மூத்த தச்சர் ஒருவரின் மேசைக்குப் பக்கத்து மேசையில் இளையவர் ஒருவர் நின்று வேலை செய்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் வரும் பட்டறை நேற்றுத் தொடங்கப்பட்டதாக இருந்தாலும் அதைப் பாரம்பரியப் பட்டறை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பெயர்ப்பலகையில் 1850 என்று எழுதியிருக்கும் பட்டறை ஒன்று இவற்றில் எதையும் செய்யவில்லையென்றால், அந்த ஆண்டு அதன் உரிமையாளரின் குடும்ப வரலாற்றுக்கு மட்டுமே உரியது.